செருப்பு தானா கழண்டு விழுதா? முதுகு ஜவ்வு (டிஸ்க்) ஆபரேஷன் பத்தி கொஞ்சம் பேசலாம்

இந்த வருஷ ஆரம்பத்துல ஓபிக்கு நாமக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு லாரி டிரைவர் வந்தாரு, நாப்பது தாண்டின வயசு, கூட அவரோட மச்சான். இடுப்புல ஆரம்பிச்சு வலது கால் வழியா கட்டைவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது, மூணு மாசமா எண்ணெய் தடவிப் பாத்தாச்சு, பெல்ட் போட்டாச்சு, மெடிக்கல்ல கேட்டு மாத்திரையும் வாங்கிப் போட்டாச்சுன்னு அவரு சொல்லிட்டே போனாரு. அவரு சொல்லாம விட்டதை மச்சான்தான் சொன்னாரு. "சார், நடக்கும்போது அந்தக் கால் செருப்பு கழண்டு பின்னாடி கிடக்குது, இவரு தெரியாம நாலு அடி போயிடறாரு."

கட்டைவிரலை மேல தூக்குங்கன்னேன், முடியல. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல எல் 4, எல் 5, அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்புல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நல்லா அமுக்கிட்டு இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொன்னதும் அவரு முகமே மாறிடுச்சு. "முதுகுல கத்தி வெச்சா கால் விழுந்துடும்னு சொல்றாங்களே சார்?"

இந்தக் கேள்வியை நான் வாரத்துக்கு பத்து தடவையாவது கேக்கறேன், ஒரு தடவை கூட எரிச்சல் வந்ததில்ல, ஏன்னா அந்த பயத்துக்கு காரணம் இருக்கு. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பெரியவங்களுக்கு தண்டுவடம் இடுப்பு வரைக்கும் முழுசா இறங்கி வர்றதில்ல, எல் 1, எல் 2 எலும்பு கிட்டயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி தனித்தனி நரம்பா ஒரு பைக்குள்ள தண்ணில மிதந்துட்டு இருக்கும். ஜவ்வு பெரும்பாலும் பிதுங்கறது எல் 4 - எல் 5லயும் அதுக்கு அடுத்ததுலயும்தான், அதாவது நாங்க வேலை செய்யற இடத்துல தண்டுவடமே கிடையாது, நரம்பை மெதுவா ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சுட்டு பிதுங்கின துண்டை மட்டும் எடுத்துடலாம்.

ஜவ்வு பிதுங்கறதாலதான் கால் இழுக்குதுன்னு உலகத்துக்கு தெளிவா தெரிஞ்சதே 1934ல, பாஸ்டன்ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு டாக்டருங்க எழுதின பிறகுதான். அப்போ பெருசா கிழிச்சு, தசையை ரெண்டு பக்கமும் விலக்கி, எலும்பை நிறைய எடுத்து வெறும் கண்ணாலதான் பாத்தாங்க. துருக்கில பிறந்த மூளை சர்ஜன் யாசர்கில் அமெரிக்காவுல வெர்மான்ட் போய் மைக்ரோஸ்கோப் வெச்சு பொடி ரத்தக்குழாயைத் தைக்கக் கத்துக்கிட்டு சுவிட்சர்லாந்துல சூரிச்சுக்குத் திரும்பி, 1967ல அதே மாதிரி மூளை ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சாரு, மூளை ஆபரேஷனே அதுக்கப்புறம் மாறிப்போச்சு. முதுகு ஜவ்வுக்கும் இந்த முறைன்னு அவரும் ஜெர்மனி டாக்டர் காஸ்பரும் 1977ல தனித்தனியா எழுதினாங்க.

மைக்ரோஸ்கோப்னா பெருசா காட்டுற கண்ணாடின்னு மட்டும் நினைக்காதீங்க. நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 6 செ.மீ. கிட்ட இடைவெளி இருக்கு, சின்னத் துளைக்குள்ள ஆழமா பாக்கணும்னா ஒரு கண்ணோட பார்வை ஓரத்துலயே முட்டி நின்னுடும், ஒத்தக் கண்ணால பாத்தா ஆழம் தெரியாது, அதனாலதான் அந்தக் காலத்துல பெருசா கிழிக்க வேண்டி இருந்துச்சு. மைக்ரோஸ்கோப் அந்த ரெண்டு பார்வையையும் பாதிக்கும் கம்மியான இடைவெளிக்கு நெருக்கிக் கொண்டுவந்துடும், வெளிச்சமும் அதே துளை வழியா நேரா கீழ போகும். அதனால 2, 3 செ.மீ. வெட்டுலயே நரம்பு, அதை ஒட்டின பொடி ரத்தக்குழாய், ஜவ்வுத் துண்டு எல்லாம் தனித்தனியா தெரியுது. எண்டோஸ்கோப்ல, அதாவது கேமரா வெச்ச மெல்லிய குழாய்ல, இன்னும் சின்னதா, 8 மி.மீ. துளையே போதும்.

இங்க எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "லேசர்ல கரைச்சிடுவீங்களா சார்"னு கேட்டு நிறைய பேரு வர்றாங்க, மைக்ரோஸ்கோப்ல பண்றதையும் ஊர்ல லேசர்னுதான் சொல்லிக்கறாங்க. தழும்போட நீளத்தை வெச்சு ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்காதீங்க. மைக்ரோஸ்கோப்போ, தசைக்கு நடுவுல ஒரு குழாயைச் செருகி அது வழியா பண்றதோ, எண்டோஸ்கோப்போ, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா கால் வலி விஷயத்துல பெரிய வித்தியாசம் இருக்கறதில்ல. டாக்டருக்கு எதுல கை பழகியிருக்கோ அதுதான் உங்களுக்கும் நல்லது. இதுலயும் ரிஸ்க் உண்டு, நரம்பைச் சுத்தின உறை கிழியலாம், இன்ஃபெக்ஷன் வரலாம், நூத்துல அஞ்சு பத்து பேருக்கு அதே இடத்துல மறுபடியும் பிதுங்கலாம், இதை முன்னாடியே சொல்லலன்னா நீங்களே கேளுங்க.

இன்னொண்ணு, ஸ்கேன் ரிப்போர்ட்ல "ஜவ்வு பிதுங்கியிருக்கு"ன்னு பாத்ததும் ராத்திரி தூக்கத்தைத் தொலைக்காதீங்க. வலியே இல்லாத இருபது வயசுக்காரங்களை ஸ்கேன் பண்ணாலே கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு லேசா வீங்கித்தான் இருக்கும், எண்பது வயசுல அது 84 சதவீதம். நெதர்லாந்துல கால் இழுப்பு இருந்த 283 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு சீக்கிரமே ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு மாத்திரை, பயிற்சின்னு பாத்துட்டு தேவைப்பட்டா மட்டும் ஆபரேஷன்னு 2007ல முடிவை வெளியிட்டாங்க, ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேரு தேறிட்டாங்க, ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் விட்டுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால வெறும் வலி மட்டும்னா ஆறு வாரமாவது பொறுத்துப் பாக்கலாம்.

பொறுக்கவே கூடாத நேரமும் இருக்கு. கால்ல பலம் குறையறது ஒண்ணு, அந்த டிரைவருக்கு இருந்த மாதிரி. இன்னொண்ணு அதைவிட அவசரம். சைக்கிள் சீட்டுல உக்காந்தா படற இடம் மரத்துப்போறது, ஒண்ணுக்கு வர்றதே தெரியாம அடைச்சுக்கறது, இல்ல தானா போயிடறது, மோஷன் கன்ட்ரோல் இல்லாம போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே, ராத்திரின்னாலும் சரி, எமர்ஜென்சிக்குப் போங்க, குதிரை வால் நரம்பு மொத்தமா நசுங்குதுன்னு அர்த்தம், ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாளைக்குள்ள அழுத்தத்தை எடுத்தாகணும். முப்பது வயசு கூட ஆகாத ஒரு பொண்ணு, கூச்சத்துல வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம அஞ்சாவது நாள் வந்தாங்க. அன்னிக்கே ஆபரேஷன் பண்ணோம், கால் தேறிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் டியூப் வெச்சுத்தான் சிறுநீர் எடுக்கறாங்க. ஒவ்வொரு தடவை அவங்க ஓபிக்கு வரும்போதும் எனக்கு மனசு கனத்துப்போகுது, இந்த ஒரு விஷயத்தை யாராவது அவங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதான்னு.



டிரைவருக்கு 45 நிமிஷத்துல முடிஞ்சுது, சாயங்காலமே எழுந்து நடந்தாரு, கால் இழுப்பு போயிடுச்சு. ஆனா மூணு மாசம் நசுங்கிக் கிடந்த நரம்பு உடனே எழுந்துக்காது. நாலாவது மாசம் வந்தப்போ கட்டைவிரல் மேல எழும்புச்சு, நான் விரலை வெச்சு அழுத்தினா மட்டும் இன்னும் இறங்கிடுது. பயிற்சியை விடாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், லோடு ஏத்தற வேலை இப்போதைக்கு வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்.