முன்னறிவிப்பு யார் கைக்குப் போகிறது?

2017 ஜூன் 7, புதன்கிழமை. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை. பெரும் புயல் வரப்போகிறது என்று வானிலைச் சேவை சொல்லியிருந்தது, வந்தது. கேப் டவுனில் கூரைகள் பறந்தன, தெருக்களில் தண்ணீர் தேங்கியது. அதே நாளில், அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கிழக்கே உள்ள நைஸ்னா நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 7 பேர் இறந்தார்கள். 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

இரண்டுக்கும் காரணம் ஒரே வானிலை அமைப்புதான். தெற்குக் கடலிலிருந்து குளிர்காற்று ஒரு சுவர்போல நகர்ந்து வரும். அதைக் குளிர்முகம் என்பார்கள். அந்தச் சுவர் எட்டிய இடத்தில் மழை. அது இன்னும் எட்டாத இடத்தில், அதற்கு முன்னால் ஓடும் காற்று சூடாகவும் வறண்டும் இருக்கும். நீண்ட வறட்சியில் காய்ந்து கிடந்த புதர்க்காட்டுக்கு அது போதும்.

கிழக்குக் கடற்கரையில் டர்பன் பக்கம் வாழும் நமக்கும் இந்தச் சூடான காற்று பழக்கம்தான். பெர்க் காற்று என்று இங்கே எல்லா மொழிக்காரர்களும் சொல்வது இதைத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரில் சொன்னது தென்மேற்குப் பருவக்காற்றை வைத்து. இங்கே ஆடி மாதம் என்பது குளிர்காலத்தின் பின்பாதி. மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாட்களில், டர்பன் இருக்கும் நேட்டாலின் புல்வெளிகள் மழை இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து, உள்நாட்டு மேடுகளில் பனியிலும் கருகி, வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாள் காலையிலேயே திடீரென்று கோடைபோல வெயில் ஏறினால், பீடபூமியிலிருந்து காற்று இறங்குகிறது என்று அர்த்தம்.

உள்நாட்டுப் பீடபூமி சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே உயரழுத்தம் உட்கார்ந்திருக்க, கடலோரத்தில் குளிர்முகத்துக்கு முன்னால் ஒரு சிறு தாழ்வழுத்தம் தவழ்ந்து வரும். மேலே இருக்கும் காற்று கீழ்நோக்கி இழுக்கப்படும். சைக்கிள் பம்பை அழுத்தினால் அதன் அடிப்பகுதி சூடாவதுபோல, இறங்கும் காற்றும் அழுத்தப்பட்டுச் சூடாகிறது. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி. மேலே 15 டிகிரியாகவும் 40 சதவீத ஈரப்பதத்தோடும் இருந்த காற்று, கடற்கரைக்கு வரும்போது 30 டிகிரி. அதிலுள்ள நீராவி கூடவில்லை. ஆனால் சூடான காற்றால் நிறைய நீராவியைத் தாங்க முடியும் என்பதால் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடும். காய்ந்த புல் மெல்லியது. காற்றின் ஈரப்பதம் மாறிய ஓரிரு மணி நேரத்தில் புல்லின் ஈரமும் அதற்கேற்ப மாறிவிடும். காலையில் பற்றாத புல் மதியம் ஒரு பொறியிலேயே பிடித்துக்கொள்வது இதனால்தான்.

தீயணைப்பவர்கள் வானிலையாளரிடம் முதலில் கேட்பது வெப்பநிலையை அல்ல, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை. பெர்க் காற்றில் ஓடும் தீ நீண்ட நாக்காக இருக்கும், முனை குறுகல், பக்கவாட்டு நீளம். குளிர்முகம் வந்து சேரும்போது காற்று வடமேற்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்புகிறது. அந்தக் கணத்தில் நீளமான பக்கவாட்டு முழுவதும் புதிய முனையாகிவிடும். சில கிலோமீட்டர் அகலத்துக்குத் தீ ஒரே நேரத்தில் முன்னேறத் தொடங்கும். பக்கவாட்டில் பாதுகாப்பாக நின்று வேலை செய்தவர்கள் திடீரென்று தீயின் எதிரில் நிற்பார்கள்.

சரி, இந்தக் கணிப்பு எப்படி ஓர் உத்தரவாக மாறுகிறது?

முதல் படி ஓர் எண். நாட்டின் வடகிழக்கில் உள்ள லோவெல்ட் பகுதியின் மரத்தோட்டங்களில் பழகிய ஒரு கணக்கு இந்த நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்து ஓர் அடிப்படை எண்ணைத் தரும், காற்றின் வேகத்துக்கு ஏற்ப அதில் கூட்டுவார்கள், கடைசியாக மழை எப்போது, எவ்வளவு பெய்தது என்பதை வைத்துக் குறைப்பார்கள். வருவது 0 முதல் 100 வரை ஒரு தீ அபாய எண். 20 வரை நீலம், 45 வரை பச்சை, 60 வரை மஞ்சள், 75 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. நாளைக்கு என்ன நிறம் என்பது இன்றே தெரிந்துவிடும்.

அந்த நிறத்தோடு சட்டம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகச் சுவாரசியமான விஷயம். 1998ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி, காட்டுத்தீச் சட்டப்படி, தீ அபாயம் உச்சத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்ட பகுதியில் திறந்தவெளியில் யாரும் தீ மூட்டக் கூடாது, எரியும் தீயைத் தொடரவும் கூடாது. வானிலையாளரின் கணிப்பு இங்கே ஆலோசனையாக நிற்காமல் தடையாகவே மாறுகிறது.

நில உரிமையாளர்களுக்கும் வேலை உண்டு. எல்லையில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். ஒரு வட்டாரத்தின் நிலக்காரர்கள் சேர்ந்து தீப்பாதுகாப்புச் சங்கம் அமைக்கலாம். சேராமல் இருக்கலாமே என்று ஒருவர் நினைக்கலாம். சட்டம் அங்கே ஒரு கொக்கி வைத்திருக்கிறது. உங்கள் நிலத்தில் தொடங்கிய தீ அடுத்தவர் நிலத்தை எரித்து வழக்கு வந்தால், நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சங்க உறுப்பினராக இருந்தால் மட்டும் இந்த ஊகம் பொருந்தாது. அரசு நிலமாக இருந்தால் சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். எழுதியவர்கள் நிலக்காரர்களின் மனதை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

தீ பிடித்துவிட்டால் அதைக் காண்பது செயற்கைக்கோளின் வேலை. இந்த நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் மின்வாரியமான எஸ்கோமோடு சேர்ந்து 2004 வாக்கில் ஒரு தீத் தகவல் அமைப்பை உருவாக்கியது. மின்வாரியத்துக்கு இதில் என்ன அக்கறை? கரும்பும் ஒரு காரணம். அறுவடைக்கு முன் தோட்டத்தைக் கொளுத்தும் வழக்கம் நேட்டாலில் இன்னும் உண்டு. டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் வெள்ளைத் துணியைக் காயப்போட்டவர்களுக்கு அந்தக் கருஞ்சாம்பலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே தீ எரியும்போது, சூடான காற்றும் புகைத்துகள்களும் சேர்ந்து காற்றின் மின்காப்புத் திறனைக் குறைத்துவிடும். மின்சாரம் கம்பியிலிருந்து தரைக்குப் பாயும், வழித்தடம் துண்டிக்கப்படும். இதைத் தவிர்க்கத்தான் செயற்கைக்கோள் படங்களில் அகச்சிவப்புக் கதிர் அதிகமாகத் தெரியும் புள்ளிகளைப் பிடித்து, அருகில் உள்ள பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் மீட்டியோசாட் 10-15 நிமிடத்துக்கு ஒரு படம் தரும், ஆனால் அதற்குச் சிறு தீ தெரியாது. துருவப் பாதையில் சுற்றுபவை கூர்மையாகப் பார்க்கும், ஆனால் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் வரும். இரண்டும் வேண்டியிருக்கிறது.

ஆட்களையும் விமானங்களையும் நகர்த்துவதும் இதில் சேர்த்தி. கேப் பக்கம் வழக்கமாகக் கோடையில் எரியும், நம் பக்கம் குளிர்காலத்தில் எரியும். 2003இல் தொடங்கிய ‘வொர்க்கிங் ஆன் ஃபயர்’ திட்டம் பருவத்துக்கு ஏற்ப ஹெலிகாப்டர்களை மேற்கிலிருந்து கிழக்குக்கும் திரும்பவும் மாற்றி நிறுத்துகிறது.

இப்போது மழைக்கு வருவோம். அங்கே கதை வேறு.

கடுமையான வானிலை எச்சரிக்கையைத் தென்னாப்பிரிக்காவில் வானிலைச் சேவை மட்டுமே வெளியிடலாம். 2013இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அதன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் வெளியிட்டால் குற்றம். (வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு சுனாமி, எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்று குரல் செய்தி பரப்பும் மாமாக்கள் கவனிக்க.) 2020 முதல் எச்சரிக்கை ‘எவ்வளவு மழை’ என்பதோடு நிற்காமல் ‘என்ன பாதிப்பு’ என்றும் சொல்கிறது. நடக்கும் வாய்ப்பையும் நடந்தால் ஏற்படும் சேதத்தையும் சேர்த்துப் பார்த்து 1 முதல் 10 வரை ஒரு நிலை, அதற்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம். தீயின் ஆரஞ்சும் மழையின் ஆரஞ்சும் ஒன்றல்ல. ஒரே அலுவலகம் ஒரே நிறத்தை இரண்டு பொருளில் பயன்படுத்துவது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

2022 ஏப்ரல் 11ஆம் தேதி இரவு டர்பன் பக்கம் இந்த முறை சோதனைக்கு உள்ளானது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் மேற்குக் காற்றோட்டத்திலிருந்து குளிர்ந்த காற்றின் ஒரு குவியல் அறுந்து தனியாகச் சுழலத் தொடங்கியது. ஓட்டத்திலிருந்து விலகிவிட்டதால் அதைத் தள்ளிக்கொண்டு போக எதுவும் இல்லை. அது மெதுவாக நகர, கீழே இந்துப் பெருங்கடலின் ஈரக்காற்று தொடர்ந்து கடலோரக் குன்றுகளில் ஏறிக்கொண்டே இருந்தது. மவுண்ட் எட்ஜ்கோம், மார்கேட் போன்ற இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 430க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. படிப்படியாக ஏறி ஆரஞ்சு 9 வரை போனது. கனமழை வரும் என்று கணினி மாதிரிகள் நாட்களுக்கு முன்பே காட்டின. எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு என்பதை அவற்றால் காட்ட முடியவில்லை, பெய்த அளவு கணிப்பை மிஞ்சியது. இது கணிப்பியலின் எல்லை. இன்னொன்றும் இருக்கிறது. வானிலைச் சேவை சுற்றுச்சூழல் துறையின் கீழ். 2002ஆம் ஆண்டின் சட்டம் உருவாக்கிய பேரிடர் மேலாண்மை மையங்கள் தேசம், மாகாணம், நகராட்சி என்று மூன்று தட்டில், வேறொரு துறையின் கீழ். தீயணைப்பு வண்டிகள் நகராட்சியுடையவை. ஆரஞ்சு 9 என்ற செய்தி இந்தத் தட்டுகள் வழியே இறங்கி, இரவில் ஓடைக்கரையில் தூங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அதில் என்ன இருக்கும்? ‘கவனமாக இருங்கள், தாழ்வான இடங்களைத் தவிருங்கள்.’ சிவப்புத் தீ நாளில் எதைச் செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆரஞ்சு 9 மழையில் யார் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

1917 அக்டோபரில் டர்பன் வழியே ஓடும் உம்கேனி ஆறு பெருகி டின் டவுன் குடியிருப்பை மூழ்கடித்தபோது இன்றைய மாதிரிக் கணிப்பும் இல்லை, எச்சரிக்கை முறையும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். மாரிமுத்து படவட்டான் தலைமையில் ஆறு வலைக்காரர்கள் தங்கள் மீன்பிடிப் படகை வெள்ளத்தில் இறக்கி 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். அவர்களிடம் இருந்தது படகும் ஆற்றைப் பற்றிய அறிவும் மட்டுமே.

நூறு ஆண்டு கழித்து, அதே உம்கேனியின் கிளையான பால்மியட் ஓடைக்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதியில் ஒரு நல்ல ஏற்பாடு உருவாகியிருக்கிறது. நகராட்சியின் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பைக் கவனிக்கும் அதிகாரிகள், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடியிருப்பின் தலைவர்கள் ஆகியோர் வாட்ஸ்அப்பில் தொடர்பில் இருக்கிறார்கள். பால்மியட் சிறிய ஓடை, மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் ஏற அதிக நேரம் ஆகாது. அதனால் செய்தி அலுவலகம் அலுவலகமாக இறங்கக் காத்திருக்காமல் நேரே போகிறது, வாங்கியவர்கள் குடிசை குடிசையாகத் தட்டி எழுப்புகிறார்கள். 2022 ஏப்ரல் இரவிலும் அப்படித்தான் செய்தார்கள். குடிசைகள் நூற்றுக்கணக்கில் போயின, ஆனால் ஆட்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

டர்பனில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் 500க்கு மேல் இருக்கின்றன. தீச்சட்டம் செய்ததை மழைக்கும் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு 8 வந்தால் எந்தத் தாழ்பாலத்தை யார் மூடுவது, எந்தப் பள்ளிக்கூடத்தின், எந்தக் கோயில் மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும், எந்தக் கரையில் யார் கதவைத் தட்டுவது என்பதை ஒவ்வொரு வார்டுக்கும் மழைக்காலம் தொடங்கும் முன்பே பெயர் போட்டு எழுதி வைக்கலாம். இதற்குப் புதிய செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை.