ரெட் வெல்வெட்: பெயரில் எது பெயர், எது அடை?

ரெட் வெல்வெட் கேக் என்றால் சிவப்புக் கேக் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெயர் வளர்ந்த வரிசையோ இதற்குத் தலைகீழ். அமெரிக்காவில் முதலில் வந்தது வெல்வெட் கேக். அதில் ஒரு வகைக்குத்தான் பின்னால் சிவப்பு என்ற அடை சேர்ந்தது. இன்று தட்டில் வரும் பல துண்டுகளில் அடைமொழி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கேக்குக்கு இவ்வளவு புகழ் தகுமா என்ற சண்டை பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருவது.

வெல்வெட் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனின் 'வில்லஸ்'. மயிர்க்கற்றை, சடை என்று பொருள். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகளுக்கு மருத்துவத்தில் வழங்குவதும் இதே லத்தீன் சொல்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, மேற்பரப்பில் மயிர்போல இழைகள் எழுந்து நிற்கும் துணிக்கு இது பெயரானது. தமிழில் வெல்வெட்டுக்கு முன்பே புழங்கிய 'மகமல்' பாரசீகம், உருது வழியாக வந்தது. அதன் அரபு வேரும் துணியின் மேல் எழுந்து நிற்கும் இழையையே குறிக்கிறது. ஆக இரு சொற்களுமே துணியின் பளபளப்பைப் பேசவில்லை. தடவினால் கைக்குத் தெரியும் அந்த இழைப்பரப்பைப் பேசுகின்றன. பட்டு வேறு, வெல்வெட் வேறு. பட்டு வழுக்கும், ஒளியைத் திருப்பி அடிக்கும். வெல்வெட் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும், அழுத்தினால் அமுங்கி எழும். இந்த வேறுபாடு கடைசியில் தமிழ்ப் பெயர் தேடும்போது தேவைப்படும்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வெல்வெட் என்பது கேக்கின் உட்புறத்தைச் சொன்ன சொல். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கும் சம எடையில் சேர்ந்த பவுண்டு கேக் கனமாக, நெருக்கமாக இருக்கும். அதிலிருந்து விலகி, நுண்ணிய சீரான துளைகளோடு, பல்லுக்கு எதிர்ப்பே காட்டாமல் கரையும் கேக்குக்கு வெல்வெட் என்று பெயர் வைத்தார்கள். பாஸ்டன் சமையல் பள்ளியின் பெயரில் 1896இல் வந்த புத்தகத்தில் உள்ள வெல்வெட் கேக்கில் கோகோவும் இல்லை, சிவப்பும் இல்லை. கோதுமை மாவோடு கார்ன்ஃப்ளார், அதாவது சோள ஸ்டார்ச், இருக்கிறது. சூட்சுமம் அங்கேதான். கோதுமை மாவின் புரதம் நீரோடு சேர்ந்து பசையம் ஆகும். பசையம் கூடினால் கேக் ரொட்டியின் பக்கம் சாயும். சோள ஸ்டார்ச்சில் பசையம் தரும் புரதம் இல்லை. 10 சதவீதம் புரதமுள்ள 250 கிராம் மைதாவில் 35 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கார்ன்ஃப்ளார் போட்டால், கலவையின் புரதம் ஏறத்தாழ 8.6 சதவீதமாக இறங்கும். அமெரிக்கக் கடைகளில் தனியாக விற்கும் கேக் மாவு இருப்பதும் ஏறக்குறைய இங்கேதான். கோகோத்தூளும் இதே வேலையை ஓரளவு செய்யும். வெல்வெட் கேக்கில் கோகோ நுழைந்து 'மகாகனி கேக்' போன்ற பெயர்கள் தோன்றியதற்குச் சுவையோடு இதுவும் ஒரு காரணம்.

மகாகனி மரத்தின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். முதல் சிவப்பு அவ்வளவுதான்.

அந்தச் செம்மைக்குக் காரணம் கோகோவில் உள்ள ஆந்தோசயனின் நிறமி. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நிறம் மாறும். காரம் சேர்க்காத கோகோத்தூளின் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.3 முதல் 5.8 வரை. டச்சு முறையில் காரமேற்றிய தூள் 6.8 முதல் 8 வரை போகும். அதில் அமிலத்தால் வரும் இந்தச் செம்மை கிடைக்காது, பெரும்பாலும் இருண்ட பழுப்புதான். பழைய குறிப்புகளில் மோரும் வினிகரும் இருப்பதைக் காட்டி, 'அந்தக் காலத்தில் சாயமே இல்லாமல் கேக் சிவந்தது' என்று சொல்வது உண்டு. பாதி உண்மை. கோகோ விதையை நொதிக்க வைத்து வறுக்கும்போதே ஆந்தோசயனின் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சியது 250 கிராம் மாவில் இரண்டு மேசைக்கரண்டி தூளாகக் கரைந்தால் செங்கல் பொடியின் சாயல் வரும். ரத்தச் சிவப்பு எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

அந்தச் சாயலையும் பல குறிப்புகள் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன. 240 மி.லி. மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ 2 கிராம் ஆப்பசோடாவை முறிக்கும். ஒரு மேசைக்கரண்டி வினிகர் இன்னொரு கிராமை முறிக்கும். குறிப்பிலோ ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது சுமார் 5 கிராம். மீதியில் கொஞ்சத்தைக் கோகோ வாங்கிக்கொண்டாலும் மாவு காரப்பக்கம் போய்விடுகிறது. நிறம் பழுப்பாகிறது, நாக்கில் சோப்பு போல ஒரு வாடை நிற்கிறது. அந்தப் பழுப்பை மூடத்தான் சாயம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சாயம் வந்த கதைக்கு டெக்சஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் என்ற எசன்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தன் சிவப்புச் சாயக் குப்பிகளை விற்க, ரெட் வெல்வெட் கேக்கின் செய்முறை அட்டைகளைக் கடைகளில் கொடுத்தது. ஒரு கேக்குக்கு இரண்டு அவுன்ஸ், கிட்டத்தட்ட 60 மி.லி. சாயம் என்ற பழைய அளவைப் பார்த்தாலே அது யாருக்கு லாபமான செய்முறை என்பது தெரியும். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் இந்தக் கேக்கைச் சாப்பிட்ட பெண் செய்முறையைக் கேட்டாராம், பெரிய பில் வந்ததாம், கோபத்தில் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டாராம். அது செவிவழிக் கதை. தொகை சொல்பவருக்கு ஏற்ப மாறும். பெயர் பரவியதில் கதைக்கும் பங்கு உண்டு, அவ்வளவே.

1976இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 'ரெட் 2' என்ற அமராந்த் சாயத்தைத் தடைசெய்தது. சிவப்பு மேலேயே அச்சம் பரவியது. அந்தச் சாயத்தைப் பயன்படுத்தாத எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்கூடச் சிவப்பு உருண்டைகளை நிறுத்திவிட்டு 1987இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. கேக்கும் ஒதுங்கியே இருந்தது. 1989இல் வந்த 'ஸ்டீல் மக்னோலியாஸ்' படத்தில், சாம்பல் நிற ஐசிங் பூசி, ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் வடிவில் செய்த மாப்பிள்ளைக் கேக்கை வெட்டும்போது உள்ளே சிவந்திருக்கும். கேக் மீண்டும் பேச்சில் வந்தது. 1996இல் நியூயார்க்கில் திறந்த மக்னோலியா பேக்கரி இதைச் சிறு கப்கேக்குகளாக விற்றது. ரெட் 2 போன பிறகு அமெரிக்காவில் பெரும்பாலும் பயன்பட்டது 'ரெட் 40', அதாவது அலூரா சிவப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், இது சேர்ந்த பண்டத்தின் உறையில், குழந்தைகளின் கவனத்தையும் சுறுசுறுப்பையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

அப்படியானால் புகழ் தகுமா? சாயத்துக்குக் கிடைத்த புகழ் தகாது. ரெட் வெல்வெட் மணம் என்று காபித்தூளிலும் மெழுகுவர்த்தியிலும்கூட விற்கிறார்கள். அப்படி ஒரு தனி மணம் கிடையாது. மாவில் 5 சதவீதம் கோகோ, பின்னால் மோரின் லேசான புளிப்பு, வனிலா, இவ்வளவுதான் அதன் சுவை. 'இது சாக்லேட்டும் இல்லை, வனிலாவும் இல்லை' என்று குறை சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இழைவு, அதாவது உட்புறத்தின் அந்த மென்மை, கைகூடிய வெல்வெட் கேக், புளிப்பும் இனிப்பும் நிதானமாக நிற்கும் அருமையான கேக். அதற்கு அந்தச் சுவை போதும்.

கைகூட வைக்க, 20 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டத் தட்டுகளுக்கு: மைதா 215 கிராம், கார்ன்ஃப்ளார் 35, காரமேற்றாத கோகோ 12, ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை இரண்டு முறை சலிக்க வேண்டும். கோகோக் கட்டி வெந்த பிறகும் கரும்புள்ளியாக நிற்கும். வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 280, முட்டை 2, எண்ணெய் 45 மி.லி., மோர் 240 மி.லி., வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி.

இதில் மோர் என்ற சொல்லே ஒரு கண்ணி. அமெரிக்கக் குறிப்பின் பட்டர்மில்க், புளிக்கவைத்த கெட்டியான பால். நீர் விளாவிய மோரை ஊற்றினால் அமிலமும் போதாது, மாவும் இளகிவிடும். கெட்டித் தயிர் 180 கிராமில் பால் 60 மி.லி. கலந்து கடைந்தால் சரியான பதம்.

வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில், விரல் அழுத்தினால் பதியும், பளபளக்காது. சர்க்கரையோடு நான்கைந்து நிமிடம் அடித்து வெளுக்க வைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். எண்ணெய், வனிலா அடுத்து. சாயம் போடுவதென்றால் இந்தக் கட்டத்திலேயே, ஜெல்லாக ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி. மாவு சேர்ந்த பிறகு சாயத்தைப் பரப்பக் கிளறிக் கிளறிப் பசையம் இறுகி, கேக்கில் புழு துளைத்ததுபோல் நீள் குழாய்கள் விழுவது அடிக்கடி நடக்கும் தவறு. மாவை மூன்று பங்காக, வினிகர் கலந்த மோரை இரண்டு பங்காக மாற்றி மாற்றிச் சேர்த்து, வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

சோடாவையும் வினிகரையும் தனிக் கிண்ணத்தில் கலந்து நுரை பொங்க ஊற்றுவது இந்தக் கேக்கின் பிரபலமான சடங்கு. பார்க்க நன்றாயிருக்கும், கேக்கை எழுப்ப வேண்டிய வாயுவில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே போய்விடும். சோடா மாவோடு, வினிகர் மோரோடு, சந்திப்பு தட்டுக்குப் போகுமுன்.

175 டிகிரியில் 28 முதல் 32 நிமிடம். நடுவில் 97 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. ஓரம் பழுப்பேறி உள்ளே மட்டும் சிவந்தால் சூடு அதிகம். 165க்கு இறக்கி ஐந்து நிமிடம் கூட்டவும். பழைய குறிப்பின் 60 மி.லி. திரவச் சாயத்தை விட்டுவிட்டுச் செய்பவர்கள், அந்த ஈரத்தை ஈடுகட்டாவிட்டால் கேக் வறண்டுபோகும். இங்கே எண்ணெய் இருப்பது அதனால்தான். பீட்ரூட் போட்டால் சிவக்கும் என்பது மாவில்தான் பலிக்கும்: அதன் பீட்டாலெய்ன் நிறமி சூட்டுக்கும் காரத்துக்கும் தாங்காது, அடுப்பில் பழுப்பாகிவிடும்.

மேற்பூச்சுக்கு இன்று கிரீம் சீஸ் ஐசிங்தான் வழக்கம். பழையது 'எர்மின்' ஐசிங். 240 மி.லி. பாலில் 35 கிராம் மைதாவைக் கூழாகக் காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு, 225 கிராம் வெண்ணெயும் 200 கிராம் சர்க்கரையும் சேர்த்து அடிப்பது. கூழ் வெதுவெதுப்பாக இருந்தாலே வெண்ணெய் உருகி ஒழுகும். எர்மின் என்பது குளிர்காலத்தில் வெளுக்கும் ஒரு சிறு விலங்கின் மென்மயிர். ஐரோப்பிய அரசர்களின் சிவப்பு வெல்வெட் அங்கிக்கு விளிம்பாகத் தைப்பது. கேக்கும் பூச்சும் சேர்ந்து ஒரு அரச உடை. கிரீம் சீஸ் வந்ததில் இந்தப் பொருத்தம் போயிற்று.

இனி தமிழ்ப் பெயர். 'சிவப்பு வெல்வெட்' பாதி மொழிபெயர்ப்பு. அதுவும் சாயத்தின் பக்கமே நிற்கிறது. 'செம்பட்டு' சொல்ல அழகு, ஆனால் செம்பட்டு என்றால் சிவந்த பட்டுத்துணி, வழுக்குவது. வெல்வெட்டுக்குக் கலைச்சொல்லாக வழங்கும் 'பூம்பட்டு' இதைச் சரிசெய்கிறது. மென்மைக்குத் தமிழில் முதல் உவமை பூதான், கேக்கின் பொலபொலப்பும் அதில் அடங்கிவிடும்.

நிறத்துக்குச் 'செம்' என்ற அடை ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தம். செம்மண், செங்கல், செம்பு, செந்நாய், செம்மறி: இவற்றில் எதுவும் ரத்தச் சிவப்பு இல்லை. பழுப்பு கலந்த சிவப்பும் தமிழுக்குச் செம்மைதான். சாயம் இல்லாத வெல்வெட் கேக்கின் நிறம் இந்த வரிசையில் இயல்பாக உட்காரும். இன்னும் துல்லியமாகச் 'செம்பட்டை' என்றே சொல்லலாம். எண்ணெய் காணாத தலைமுடி நினைவுக்கு வரும் என்பதால் தின்பண்டத்துக்கு ஆகாது. சாயம் போட்ட சிவப்புக்கோ வேறு உவமை இருக்கிறது. மழை பெய்த செம்மண்ணில் ஊரும் வெல்வெட் பூச்சியைச் சங்கப் பாடல்கள் மூதாய் என்றும் கோபம் என்றும் சொல்கின்றன. சிவப்பும் வெல்வெட்டும் ஓருடம்பில் சேர்ந்த அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, ஆனால் பூச்சியின் பெயரில் கேக் விற்க முடியாது.

கேக்குக்கு 'அணிச்சல்' என்ற ஆக்கம் தனித்தமிழ் எழுத்தில் புழங்குகிறது. பேச்சில் கேக்தான் நிலைத்துவிட்டது; அதை மாற்ற வற்புறுத்த வேண்டியதில்லை. ஆகவே பொது எழுத்தில் செம்பூம்பட்டு கேக், தனித்தமிழில் செம்பூம்பட்டு அணிச்சல். சிவப்பே சேராமல் மாவும் கார்ன்ஃப்ளாரும் கொண்டு செய்த பழைய வகைக்குப் பூம்பட்டு கேக் என்பதே போதும்.