டி-டே: தேதி எழுதாத நாள்

தேர்தல் வாக்கு எண்ணும் நாளைத் தொலைக்காட்சியில் ‘இன்று டி-டே’ என்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட், கிரிக்கெட் இறுதி ஆட்டம், ராக்கெட் ஏவும் நாள் என்று எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். அந்த ‘டி’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் ‘டிசிஷன்’ என்பார் ஒருவர், ‘டெட்லைன்’ என்பார் இன்னொருவர். சொல்லை அவர்கள் ஆளும் விதத்தில் தவறில்லை. காரணம்தான் தவறு.

டி-டே என்பது படைத்துறைச் சொல். தாக்குதல் எந்தத் தேதியில் தொடங்கும் என்று முடிவாகாதபோதும், முடிவாகியும் வெளியே சொல்லக் கூடாதபோதும், திட்டத் தாளில் தேதிக்குரிய இடத்தில் இதை எழுதுவார்கள். இது பொதுப்பெயர். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மாண்டிக் கரையில் இறங்கிய நாளுக்கு இதுவே பிற்பாடு சிறப்புப்பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பமெல்லாம் வருகிறது.

‘டி’ என்பது ‘டே’ என்ற சொல்லின் முதலெழுத்து, அவ்வளவுதான். கூடவே வரும் ‘எச்-அவர்’ என்பதிலும் ‘எச்’ என்பது மணியைக் குறிக்கும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே. நாளுக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. சொல் நார்மாண்டியில் பிறக்கவும் இல்லை. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் முதலாம் படை பிறப்பித்த ஒன்பதாம் எண் கள ஆணையில் இது இருக்கிறது: பிரான்ஸில் செயின்ட் மிஹியேல் பகுதியிலிருந்து ஜெர்மானியரை வெளியேற்ற டி நாளில் எச் மணிக்குத் தாக்குதல் தொடங்கும் என்று. எழுத்தில் கிடைக்கும் முதல் சொல்லாட்சியாக இதைத்தான் காட்டுகிறார்கள். அந்த டி நாள் செப்டம்பர் 12 ஆக அமைந்தது. நார்மாண்டிக்கு இருபத்தைந்து ஆண்டு மூத்த சொல்.

இவ்வளவு எளிய விளக்கத்தில் யாருக்குத்தான் மனம் நிறையும்? விடுதலை, அழிவு, கப்பலை விட்டு இறங்குதல் என்று ‘டி’யில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கிளம்பியது. நார்மாண்டிப் படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரிடமே ஒருவர் கேட்டு எழுத, 1964இல் அவருடைய உதவியாளர் ராபர்ட் ஷுல்ஸ் பதில் போட்டார். கடல்வழித் தாக்குதல் எதற்கும் ‘புறப்படும் தேதி’ ஒன்று உண்டு, அதன் சுருக்கமே டி-டே என்றார். தலைமைத் தளபதியின் அலுவலகத்திலிருந்து வந்த விளக்கமாயிற்றே என்று பலர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் செயின்ட் மிஹியேலில் கடலே இல்லை. அங்கே சொல் ஏற்கெனவே புழங்கிவிட்டது. மணியோடு சேர்த்துப் படித்தால் நாள்தான் சரியாகப் பொருந்துகிறது.

நம் ஊர்க் கல்யாண வேலையைப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன் பந்தக்கால், முதல் நாள் மாலை பெண் அழைப்பு, மறுநாள் மறுவீடு என்று பெரியவர்கள் அடுக்குவார்கள். தேதி இன்னும் குறிக்காத வீட்டில்கூட இந்தக் கணக்கு தயாராக இருக்கும். படைத்துறையிலும் அப்படித்தான். டி-டேக்கு முந்தைய நாள் டி கழித்தல் ஒன்று, அடுத்த நாள் டி கூட்டல் ஒன்று. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை விட்டு எப்போது கிளம்ப வேண்டும், எந்தப் படைப்பிரிவு எத்தனையாம் நாள் கரையேற வேண்டும், செயற்கைத் துறைமுகத்தின் எந்தத் துண்டு எப்போது இழுபட வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. நார்மாண்டித் திட்டம் பாரிஸ் வழியே ஓடும் செயின் நதியை எட்டுவதற்கு டி கூட்டல் 90 என்று நாள் போட்டிருந்தது. பாரிஸ் விடுபட்டது ஆகஸ்ட் 25, அதாவது டி கூட்டல் 80. ஆனால் முதல் நாளே கைப்பற்ற வேண்டிய கான் நகரத்தின் வடபாதிக்குள் நுழையவே ஜூலை 9 ஆகிவிட்டது. டி கூட்டல் 33! கணக்கு எங்கே முந்தியது, எங்கே பிந்தியது என்பதை இந்த எண்களிலேயே படித்துவிடலாம்.

தேதியைப் பூட்டி வைத்ததற்கு ரகசியம் மட்டும் காரணமல்ல, கடலும் காரணம். ஆங்கிலக் கால்வாயின் இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஜெர்மன் தளபதி ரோமெல் கரை முழுக்க இரும்புக் குறுக்குக் கம்பங்களும் கண்ணிவெடி கட்டிய மரத்தூண்களும் நட்டு வைத்திருந்தார். ஓதம், அதாவது கடல்நீர், ஏறிய நேரத்தில் வந்தால் அவை நீருக்குள் மறைந்து படகைக் கிழிக்கும். முழுக்க வற்றிய நேரத்தில் வந்தால் வீரர்கள் துப்பாக்கிக்கு எதிரே நீண்ட மணல்வெளியைக் கடந்தாக வேண்டும். எனவே வற்றி ஏறத் தொடங்கும் வேளை தேவைப்பட்டது. அதுவும் விடிந்த கையோடு. முந்தைய இரவில் பாராசூட்டில் குதிப்பவர்களுக்கு நிலவு வேண்டும். இவையெல்லாம் கூடி வந்தவை ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்று நாட்கள்தான். விட்டால் இரண்டு வாரம் கழித்து ஓதம் மட்டும் ஒத்து வரும், நிலவு இருக்காது.

முதலில் குறித்தது ஜூன் 5. வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக் புயலைச் சொன்னதால் ஜூன் 4 விடியற்காலையில் ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ஏற்கெனவே கடலுக்குள் போயிருந்த கப்பல்கள் திரும்பி வந்தன. உள்ளே வீரர்கள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார்கள். அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள பிளாக்ஸாட் நிலையம் உட்படப் பல இடங்களிலிருந்து வந்த அளவீடுகளை வைத்து, நடுவில் சிறிது நேரம் கடல் அடங்கும் என்று ஸ்டாக் சொன்னார். ஜூன் 5 விடியுமுன் தெற்கு இங்கிலாந்தின் சவுத்விக் மாளிகையில் ஐசன்ஹோவர் இறுதி உத்தரவைக் கொடுத்தார். ‘ஹால்சியான் கூட்டல் 5 உறுதி’ என்று வாஷிங்டனுக்குச் செய்தி போனது. ஹால்சியான் என்பது ஜூன் 1க்கு வைத்த மறைபெயர்.

இங்கேதான் டி-டேயின் பயன் தெரிகிறது. நாள் தள்ளிப்போனது, ஆனால் கட்டுக் கட்டான திட்டத் தாள்களில் தேதியை அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை. டி நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கூட்டலும் கழித்தலும் தாமாக நகர்ந்தன.

ரகசியத்துக்கும் இது உதவியது. 1944 மே மாதம் லண்டனின் டெய்லி டெலிகிராப் குறுக்கெழுத்துப் போட்டியில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி என்று விடைகள் வரிசையாக வந்தன, ஜூன் 1 அன்று நெப்டியூனும் வந்தது. அத்தனையும் படையெடுப்பின் மறைபெயர்கள். போட்டியைத் தயாரித்த பள்ளித் தலைமையாசிரியரை உளவுத்துறையினர் போய் விசாரித்தார்கள், ஒன்றும் பெயரவில்லை. மறைபெயர் கசிந்தால் அப்படிப் பதற வேண்டும். ‘டி-டே’ கசிந்தால் என்ன தெரியும்? ஒரு நாள் நடக்கும் என்று தெரியும். அது எதிரிக்கும் தெரிந்ததுதான்.

எச்-அவர் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கால்வாயில் ஓதம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், மேற்கே அமெரிக்கர்களின் யூட்டா, ஒமாஹா கரைகளுக்குக் காலை 6:30. பிரிட்டிஷாரின் கோல்டு, ஸ்வோர்டு கரைகளுக்கு 7:25. கனடியர்கள் இறங்கிய ஜூனோவுக்கு அதற்கும் பிறகு. நாள் ஒன்று, மணி பல.

அன்று நடந்தவை எல்லாரும் அறிந்தவை. சுமார் 7,000 கப்பல்களும் படகுகளும், 11,000க்கு மேற்பட்ட விமானங்களும், கடலிலும் வானிலும் வந்து இறங்கிய ஏறத்தாழ 1,56,000 பேரும். நேச நாட்டுத் தரப்பில் அந்த ஒரு நாளில் இறந்தவர்களாகப் பெயர் உறுதிசெய்யப்பட்டோர் 4,414 பேர். தேதி பற்றிய கட்டுரை என்பதால் இரண்டு செய்தி. இந்த மோசமான வானிலையில் யாரும் வரமாட்டார்கள் என்று ரோமெல் ஊருக்குப் போயிருந்தார், ஜூன் 6 அவர் மனைவியின் பிறந்தநாள். தோற்றால் வெளியிடுவதற்காக, பழி முழுவதும் தன்னுடையதே என்று ஐசன்ஹோவர் ஒரு குறிப்பை எழுதிப் பணப்பையில் வைத்திருந்தார். அதில் ஜூன் என்று எழுத வேண்டிய இடத்தில் ஜூலை 5 என்று எழுதிவிட்டார். அந்த வாரம் அவர் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

நார்மாண்டிக்கு முன்னும் பின்னும் டி-டேக்கள் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவுக்கு 1943 ஜூலை 10, அதே நாட்டின் அன்சியோவுக்கு 1944 ஜனவரி 22, ஜப்பானின் இவோ ஜிமாத் தீவுக்கு 1945 பிப்ரவரி 19. ஆனால் 1944 ஜூனுக்குப் பிறகு மக்கள் வாயில் அந்தச் சொல் நார்மாண்டிக்கே சொந்தமாகிவிட்டது. அதனால் பிலிப்பைன்ஸின் லெய்டேயில் இறங்கியபோது அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் ‘ஏ-டே’ என்று வைத்துக்கொண்டார். ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்கு ‘எல்-டே’. எழுத்துக்கு ஒரு சொல் வைக்கும் வானொலி முறையில் அதை ‘லவ் டே’ என்று படித்தார்கள். 1945 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினமும் ஈஸ்டர் ஞாயிறும் சேர்ந்த நாள். ஜப்பானின் கியூஷூ தீவுக்கு 1945 நவம்பர் 1 ‘எக்ஸ்-டே’ என்று குறித்திருந்தார்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததால் அது வரவே இல்லை. ‘வி-இ டே’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அங்கே ‘வி’ வெற்றி, ‘இ’ ஐரோப்பா.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சில் நாளுக்கு ‘ஜூர்’, எனவே ‘ஜூர் ஜே’. ரஷ்யர்களுக்கு அதிர்ஷ்டம், அவர்களுடைய ‘தியென்’ என்ற சொல்லும் ‘டி’ எழுத்திலேயே தொடங்குகிறது. ஜெர்மானியர் ‘டாக் எக்ஸ்’ என்று, கணக்கில் மதிப்புத் தெரியாததை எக்ஸ் என்பதுபோல, வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் இதுவரை எழுதப்பட்டவற்றில் ‘இறுதி நாள்’ அடியோடு தவறு, தொடங்கும் நாளை முடியும் நாளாக்கிவிடுகிறது. ‘தாக்குதல் நாள்’ பரவாயில்லை, ஆனால் மறைபொருள் போய்விடுகிறது. பிரெஞ்சுக்காரர் வழியில் ‘ந-நாள்’ என்று வைத்துப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் ‘நன்னாள்’ என்று காதில் விழுகிறது. ஒமாஹாவில் இறங்கியவர்கள் ஒப்ப மாட்டார்கள்.

பழைய சொல் ஒன்றும் இருக்கிறது. முற்றுகைப் போரைச் சொல்லும் உழிஞைத் திணையில் தொல்காப்பியம் ‘குடையும் வாளும் நாள்கோள்’ என்கிறது. நல்ல நாளும் ஓரையும் பார்த்துப் புறப்பட எண்ணிய அரசனுக்கு அந்த நேரத்தில் இடையூறு வந்தால், குடையையோ வாளையோ அந்தத் திசையில் முன்னே அனுப்பிவைப்பான் என்று உரையாசிரியர் விளக்குவார். நாளை நகர்த்த மனமில்லாமல் வாளை நகர்த்துகிறார்கள். ஐசன்ஹோவர் செய்தது நேர் எதிர். நாட்கோள் என்பது நாளைத் தேர்ந்து கொள்ளும் செயல். சவுத்விக் மாளிகையில் நடந்ததற்கு அது கச்சிதமாகப் பொருந்தும், டி-டேக்குப் பொருந்தாது.

எனக்குச் சரியெனப் படுவது ‘குறிநாள்’. இது வினைத்தொகை. குறித்த நாளா, குறிக்கின்ற நாளா, குறிக்கப்போகும் நாளா என்று சொல் காட்டாது. வினைத்தொகையைக் ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்கிறது நன்னூல். காலத்தைக் கரந்து வைப்பதற்கென்றே மொழியில் ஓர் அமைப்பு இருக்கும்போது ஆங்கில எழுத்து எதற்கு? அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் ஊரறியாமல் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவுக்குறி என்பதால் மறைவும் கூடவே வருகிறது. குறி சொல்பவர் நினைவுக்கு வருகிறாரே என்று ஒரு நண்பர் சிரித்தார். ஸ்டாக் செய்தது ஏறக்குறைய அதுதானே! எச்-அவருக்குக் குறிநேரம். ‘குறிநாள் கூட்டல் மூன்று’ என்று எழுதினாலும் உறுத்தவில்லை.

படை கடலிலிருந்து இறங்குவதை ‘தரையிறக்கம்’ என்கிறோம். ஈழத்துப் போர்ச் செய்திகளிலும் இதுவே வழங்கியது. தமிழ்நாட்டில் இது விமானத்துக்கே ஒட்டிப்போனதால் நார்மாண்டிக்குக் ‘கரையிறக்கம்’ என்பதே தெளிவு. பொதுப்பெயராக வரும் இடத்தில் குறிநாள், 1944 ஜூன் 6ஐச் சுட்டும்போது ‘நார்மாண்டி கரையிறக்க நாள்’ என்று எழுதலாம். பெயராகவே நின்றுவிட்ட இடத்தில் ‘டி-டே’யை அப்படியே விடலாம். வாக்கு எண்ணும் நாளுக்கு இரண்டும் வேண்டாம், ‘வாக்கு எண்ணும் நாள்’ போதும்.