எஸ்.எம்.பி.எஸ். வெயிலையும் மின்தடையையும் தாங்குமா?

கேமிங் கம்ப்யூட்டருக்குப் பட்ஜெட் போடும்போது முதல் வெட்டு விழுவது எஸ்.எம்.பி.எஸ். எனும் பவர் சப்ளையில்தான். கிராபிக்ஸ் கார்டைக் குறைக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் திருநெல்வேலிச் சீமையில், பெட்டியில் அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பி அதை வாங்கக்கூடாது.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 30 ஆம்பியர் என்று இருந்தால் 360 வாட். மேலே பெரிய எழுத்தில் 500 என்று போட்டிருந்தாலும் கேமுக்குப் பயன்படுவது இந்த 360தான்.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. சுமை ஏறும்போதுதான் குணம் தெரியும். அதனால் சோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குப் பதிலாக மின்னணுச் சுமைக் கருவியை இணைத்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி முழுச் சுமை வரை இழுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். அதன்மேல் படியும் சிற்றலையை, அதாவது மின்னழுத்தத்தின் வேகமான சிறு ஏற்ற இறக்கத்தை, ஆஸிலாஸ்கோப்பில் அளக்கிறார்கள். அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மதர்போர்டின் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) தேவையின்றிச் சூடேறும்.

சூடு என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் சான்றுக்கான சோதனை ஏறத்தாழ 23 டிகிரி அறையில் நடக்கிறது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38 டிகிரியைத் தொடும். கேபினெட்டுக்குள் அதைவிடக் கூடுதல். மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதனால்தான் 85 டிகிரிக்கான மின்தேக்கியைவிட 105 டிகிரிக்கானதைத் தேடச் சொல்கிறார்கள். முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தருவதாக எழுதியிருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., 25 டிகிரி என்று எழுதியிருப்பதைவிட நமக்கு ஏற்றது.

இன்னொரு சோதனையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் உரசி மின்சாரம் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் பொறுப்பேற்கக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரை ஓட்டுவது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி ஒன்றே. இப்படித் தாங்குவதற்கு நெடுநாளாக ஏடிஎக்ஸ் வழிகாட்டி கேட்டுவந்தது முழுச் சுமையில் 16 மில்லிவினாடி. 400 வாட் சுமையை 85 சதவீதத் திறனுடன் அத்தனை நேரம் தாங்க, சுமார் 7.5 ஜூல் ஆற்றல் வேண்டும். விலை குறைந்த பல எஸ்.எம்.பி.எஸ்.களில், 230 வோல்ட் மின்சாரத்தில் அந்த மின்தேக்கி சுமார் 325 வோல்ட் வரை ஏறுகிறது. அது 220 மைக்ரோஃபாரட் அளவில் இருந்தால் மொத்தச் சேமிப்பே 11.6 ஜூல். மின்தேக்கியின் மின்னழுத்தம் 325இலிருந்து 230க்கு இறங்கும்போது அதில் பாதிதான் வெளியே வந்திருக்கும்; தேவையான 7.5 ஜூலுக்கு அது போதாது. அதற்கும் கீழே பல எஸ்.எம்.பி.எஸ்.கள் நின்றுவிடுகின்றன. செலவைக் குறைக்கச் சிறிய மின்தேக்கி வைத்தால், இந்தச் சோதனையில்தான் அது அம்பலமாகும்.

சோதிப்பவர் முழுச் சுமையில் மின்சாரத்தைத் துண்டித்து, 12 வோல்ட் தடத்தையும் சாம்பல் நிற வயரையும் சேர்த்துக் கவனிப்பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்வது அந்த வயர். மின்னழுத்தம் வரம்பை விட்டு இறங்குவதற்குக் குறைந்தது 1 மில்லிவினாடி முன்பே அதன் சமிக்ஞை விழ வேண்டும். பிந்தினால் கம்ப்யூட்டர் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெடலாம்.

இதையெல்லாம் வீட்டில் சோதிக்க முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது இன்வெர்ட்டரின் பின்புறத்தைப் பார்ப்பது. பலவற்றில் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் பொதுவாகச் சுமார் 10 மில்லிவினாடியாகக் குறையும்.