பண்ணைக்குட்டைத் தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கலாம்?

மீன் குட்டையில் சாணி கரைப்பது மீன் தின்பதற்காக என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். குட்டையில் வளர்க்கும் கெண்டை மீன்களான கட்லாவும் ரோகுவும் சாணியைத் தேடிப் போய்த் தின்பதில்லை. சாணியிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தண்ணீரில் கரைகின்றன. வெயில் பட்டதும் அவற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அந்தப் பாசியை விலங்கு மிதவைகள், அதாவது தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள், மேய்கின்றன. கட்லா மேல்மட்டத்தில் இந்த மிதவைகளை வடித்துத் தின்கிறது. ரோகு நடுநீரில் பாசியைத் தின்கிறது. அடியில் மட்கிக் கிடப்பதை மிர்கால் கிளறித் தின்கிறது. ஒரே குட்டையில் மூன்று மீனையும் சேர்த்து விடச் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு படி ஏறும்போதும் பெரும் இழப்பு இருக்கிறது. தின்றதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகிறது. மீதி மூச்சுவிடவும் நீந்தவும் செலவாகி வெப்பமாகப் போகிறது, அல்லது கழிவாக வெளியேறுகிறது. ஓர் ஏரியின் உணவுப் படிகளை இப்படி ஆற்றல் கணக்காகப் பார்க்கும் முறையை 1942-இல் வகுத்துக் காட்டியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்ற சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்ட்மன். பத்தில் ஒன்று என்பது சராசரி; இடத்தைப் பொறுத்து 5 முதல் 20 சதவீதம் வரை மாறும். கணக்குக்கு எடுத்துக்கொண்டால், 1,000 கிலோ பாசியிலிருந்து 100 கிலோ விலங்கு மிதவை, அதிலிருந்து 10 கிலோ கட்லா, அந்தக் கட்லாக் குஞ்சுகளை விரால் தின்றால் 1 கிலோ விரால். குட்டைக்குள் தெரியாமல் புகுந்த விராலும் கெளுத்தியும் எவ்வளவு நஷ்டம் என்பது இதிலேயே தெரியும். குஞ்சு விடுவதற்கு முன் குட்டையை வற்றவைத்துக் காயப்போடுவதே நல்லது. வற்றாத குட்டை என்றால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம்: 25 சென்ட் (சுமார் 1,000 சதுர மீட்டர்) குட்டையில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 250 கிலோ. அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் விடுங்கள். பிறகு அதுவே மட்கி உரமாகிவிடும் என்பதால் முதல் சாணி தேவையில்லை.

இதே 25 சென்ட்டுக்கு மற்ற அளவுகள்: சுண்ணாம்பு 25 கிலோ, மண் புளிப்பாக இருந்தால் கூடுதலாக. ஒரு வாரம் கழித்துப் பசுஞ்சாணி 200 கிலோ, கரைத்துப் பரவலாக ஊற்ற வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் இளம்பச்சையாகும். அப்போது விரலளவுக் குஞ்சுகள் 500 முதல் 600 வரை, கட்லா 4, ரோகு 3, மிர்கால் 3 என்ற விகிதத்தில். பிறகு மாதம் 100 கிலோ சாணி. அதை ஒரே நாளில் கொட்டாமல் வாரம் 25 கிலோவாகப் பிரிப்பது பாதுகாப்பு. கோழி எரு என்றால் இதில் பாதி போதும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் சத்தைப் பிடித்துவைக்க மண் இல்லை. அடியில் ஓர் அடி மண் பரப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பச்சை போதுமா என்று பார்க்கக் கையே போதும். முழங்கை வரை நேராகத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மறைந்தால் சரி. அப்போதும் தெளிவாகத் தெரிந்தால் சாணி குறைவு. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே மறைந்தால் அதிகம். உரத்தையும் தீவனத்தையும் உடனே நிறுத்துங்கள். சேற்றுக் கலங்கலைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதிகமானால் என்ன, மீனுக்குத்தானே நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோ கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 கிலோ புரதம், அதாவது 6.4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மீன் எல்லாவற்றையும் தின்றாலும் அதில் கால் பங்கு, சற்றுக் கூடினால் மூன்றில் ஒரு பங்குதான் சதையாகும். மீதி நாலரை, ஐந்து கிலோ தழைச்சத்து செவுள் வழியே அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே திரும்புகிறது. ஏறக்குறைய பத்துக் கிலோ யூரியாவைக் குட்டையில் கரைத்ததற்குச் சமம். ஆற்றல் வெப்பமாகக் கரைந்து போய்விடும். சத்து போகாது, குட்டைக்குள்ளேயே சுற்றும். தவிடும் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீனின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம், பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாளும் பையில் மிச்சமிருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

சுற்றும் சத்து பாசியைக் கட்டுக்கடங்காமல் பெருக்கும். பகலில் உயிர்க்காற்றை (ஆக்சிஜன்) தரும் அதே பாசி, இரவில் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அதை இழுக்கிறது. அடியிலுள்ள கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. அதனால் உயிர்க்காற்று மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்கள் நன்றாக வளரும். 2-க்குக் கீழே போனால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், பெரும்பாலும் கட்லாதான் முதலில். இரண்டு மூன்று நாள் மூடாக்கு போட்ட வானிலையில் இந்த ஆபத்து பல மடங்கு. ஒரே இரவில் மொத்தக் குட்டையும் செத்து மிதப்பதை யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முந்தின வாரத்தின் தண்ணீர் நிறத்தையும் வானத்தையும் விசாரித்தால் பல நேரம் காரணம் அங்கேயே இருக்கிறது. மேகமூட்டமான நாளில் சாணி வேண்டாம், தீவனமும் வேண்டாம். மீன் வாய் பிளந்தால் மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறவிடுங்கள். புதுத் தண்ணீர் இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து பீய்ச்சலாம்.

விடியலைத் தாண்டினாலும் மத்தியானம் வேறு தொல்லை. அடர்பச்சைத் தண்ணீரில் பிற்பகல் பி.எச். (தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் அளவு; ஏற ஏறக் காரம்) 9-ஐத் தொடும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8-இல் கரைந்த அம்மோனியாவில் 7, 8 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். 9-இல் கிட்டத்தட்ட பாதி. அந்த வேளையில் சுண்ணாம்பு போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பாசி, மிதவை, மீன் என்ற இந்த உணவுச் சங்கிலி நடுவிலும் அறுபடும். பக்கத்து வயலில் தெளித்த பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மழையில் வழிந்து வந்தால், மிகக் குறைந்த அளவிலேயே விலங்கு மிதவைகள் சாகும். மீன் தப்பினாலும் மேய ஆளில்லாமல் பாசி தழைக்கும், கட்லா இளைக்கும். தண்ணீர் பச்சையாகவே இருப்பதால் உரிமையாளருக்கு எதுவும் புரியாது. வயல் பக்கத்துக் கரையை ஓரடி உயர்த்திக் கட்டுவது செலவில்லாத காப்பு.

அறுவடை முடிந்ததும் தண்ணீரை வடித்து, தரை வெடிக்கும் வரை காயவிடுங்கள். அழுகிய முட்டை வாடை வீசும் கருஞ்சேறு மேலடுக்கில் இருந்தால் வழித்தெடுங்கள். போட்ட மணிச்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் படிந்திருக்கிறது. ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதுபோல இதையும் காய்ந்த பிறகு தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் போடலாம். உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பிய குட்டை என்றால் மட்டும், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகே வயலில் சேருங்கள்.