நேற்று காலை நாலு மணியிலிருந்து

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் அண்ணன் வீட்டில் மைனியிடம் (அண்ணியிடம்) கேட்டேன்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்வீங்க?"

"நான் என்ன வேலை செய்யுதேன்? ஒங்க அண்ணன்தான் விடியும் முன்னாடி பால்வெட்டப் போறாரு. நான் வீட்டுலதானே இருக்கேன்."

சரி என்று கேள்வியை மாற்றினேன். நேற்று நாலு மணிக்கு என்ன செய்தீங்க? அப்புறம்? அதுக்கு அப்புறம்? கட்டன் சாயா போட்டது, தண்ணீர் பிடித்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தது, முந்தின நாள் உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கியது. நோட்டில் ஒரு பக்கம் போதவில்லை. மைனிக்கே ஆச்சரியம்.

அவர் பொய் சொல்லவில்லை. மூளையின் அமைப்பே அப்படி. நமக்குள் ஒரு கடிகாரம் உண்டு; மூளையின் அடிப்பக்கம் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னக் கொத்து. எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று அது கணக்கு எழுதி வைப்பதில்லை. நினைவில் தங்குவது நிகழ்ச்சிகள்தான். புதிதாக நடந்தது ஆழமாகப் பதியும். தினமும் ஒரேமாதிரி நடப்பது ஒன்றோடொன்று கலந்துவிடும். "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால், கையில் இருக்கும் சில நினைவுகளோடு நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்தையும் சேர்த்து மூளை ஒரு விடையை உண்டாக்கித் தருகிறது.

"அப்புறம்?" என்ற கேள்வி வேறு வழியில் போகிறது. ஒரு நிகழ்ச்சி அடுத்ததை இழுத்து வரும். 2019-இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதே வழிதான்: முந்தின நாள் காலை 4 மணி முதல் 24 மணி நேரத்தை அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதினார்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களுக்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்களுக்கு 97. 2024-இல் இது 289, 88 என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர உழைப்பு, அதற்குப் பெயர் "வீட்டுலதானே இருக்கேன்".

நாலு மணிக்கு ஊரே தூங்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்நேரமே தோட்டங்களில் தலைவிளக்குகள் நகரத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய், பட்டைக்குள் பால்குழல்களின் அழுத்தம் குறையும். அதனால் விடியலில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். மரத்தின் நேரம் அண்ணனுக்கு அத்துப்படி. மைனியின் நேரம் அந்த நோட்டைப் பார்க்கும்வரை மைனிக்கே தெரியாது.

நானும் ஒரு வாரம் எழுதினேன். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வாசிப்பதாக நம்பியிருந்தேன். நோட்டில் இருந்தது இரண்டே நாள், இருபது இருபது நிமிடம். போன் பார்த்தது எங்கே என்று தேடினால், ஐந்தைந்து நிமிடமாக எல்லா வரிசையிலும் சிதறிக் கிடந்தது. அரைமணிக் கட்டத்தில் அது பிடிபடாது. பத்து நிமிடக் கட்டம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் ஐந்தோடு முடிவதும் இல்லை. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் சோதனைகளில் காட்டினார்.

அண்ணன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் ரோலர் அவர் கையில். அடுத்த வாரம் மைனியின் நோட்டில் மத்தியானம் மூன்றரை மணிக் கட்டத்தில் புதிதாக ஒரு சொல் இருந்தது: "தூங்கினேன்".