‘ஏரோஸ்பேஸ்’ என்பதற்கு ‘விண்வெளி’ போதுமா?

பொறியியல் கலந்தாய்வுக் காலத்தில் வெளிவரும் பாடப்பிரிவு விளக்கங்களில் ‘ஏரோநாட்டிக்கல்’ என்பது பெரும்பாலும் ‘வானூர்திப் பொறியியல்’ என்றும், ‘ஏரோஸ்பேஸ்’ என்பது ‘விண்வெளிப் பொறியியல்’ என்றும் தமிழில் பெயர்பெறுகின்றன. முதற்பெயரில் குறையில்லை. இரண்டாவது பெயரோ மூலச்சொல்லின் முற்பாதியைக் கைவிட்டுப் பிற்பாதியை மட்டும் தமிழாக்குகிறது. செயற்கைக்கோளையும் ராக்கெட்டையும் எண்ணிச் சேரும் மாணவர், தொடக்கப் பருவங்களில் இறக்கையைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாய்கிறது என்பதையே பெரிதும் படிக்க நேரும்போது திகைப்பதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

‘ஏரோஸ்பேஸ்’ இரு மொழிகளின் வேர்களை இணைத்துச் செய்த சொல். முற்பாதி, காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பாதிக்கு மூலமான ‘ஸ்பாட்டியும்’ என்ற லத்தீன் சொல் இடப்பரப்பையும் இடைவெளியையும் குறித்தது. பந்தயத் தடத்துக்கும் அதுவே பெயர். அதற்கு வானத்தோடு தனி உறவு எதுவும் இல்லை. உலகுக்கு அப்பாலுள்ள வெளி என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஏறியது. தமிழின் ‘வெளி’யும் அப்படிப்பட்டதே. வெட்டவெளி, திறந்தவெளி என்று தரையில் வழங்கிய சொல்லே ‘விண்’ணோடு சேர்ந்து ‘விண்வெளி’ ஆயிற்று. ஆகவே ‘ஸ்பேஸ்’ என்பதற்கு விண்வெளி என்பது மிகப் பொருத்தமான ஆக்கம். சிக்கல் அதில் இல்லை.

இச்சொல் பிறந்த சூழலை அறிந்தால்தான் அதன் இரு பாதிகளும் ஏன் வேண்டும் என்பது விளங்கும். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மாக்ஸ்வெல் தளத்தில் இயங்கும் விமானப்படைக் கல்வி நிறுவனத்தின் வட்டாரத்தில் ‘ஏரோஸ்பேஸ்’ என்ற சொல் உருவாகிப் புழக்கத்துக்கு வந்தது. காற்றுக்கும் விண்வெளிக்கும் இடையே அறுதியான எல்லை இல்லை, இரண்டும் ஒரே தொடர்களம், எனவே விமானப்படையின் பொறுப்பு வளிமண்டலத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அந்தச் சொல் சுமந்த வாதம். விண்வெளிப் பணி யாரிடம் செல்லும் என்ற போட்டி நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1958 அக்டோபர் 1 அன்று, படைத்துறை சாராத விண்வெளி அமைப்பான நாசா செயல்படத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தின் தேவையைவிட அதிகார எல்லை பற்றிய கவலையே இச்சொல்லைப் பெற்றெடுத்தது என்று சொல்வது மிகையாகாது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் அதை விரைவில் ஏற்றுக்கொண்டன. வானூர்தித் துறைகள் பல தம் பெயரை மாற்றிக்கொண்டன. 1942-இல் வானூர்திப் பொறியியல் துறையாகத் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் துறையும் இன்று ஏரோஸ்பேஸ் துறையாகவே அறியப்படுகிறது.

எல்லை இல்லை என்பது முழு உண்மையா? இறக்கை தரும் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.225 கிலோகிராம் நிறையுடையது. மேலே செல்லச் செல்ல இந்த அடர்த்தி விரைந்து குறைவதால், அதே எடையைத் தாங்க ஊர்தி மேலும் மேலும் வேகமாகப் பறக்க வேண்டும். ஓர் உயரத்தில், தூக்குவிசைக்குத் தேவையான வேகம் புவியைச் சுற்றிவருவதற்கான வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7.9 கிலோமீட்டரை, எட்டிவிடுகிறது. அந்த வேகம் வந்த பிறகு இறக்கைக்கு வேலையே இல்லை. காற்றியக்கவியல் அறிஞர் தியோடர் வான் கார்மானின் பெயர் தாங்கிய, விண்வெளியின் தொடக்கமாகக் கொள்ளப்படும் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணம் இதுதான். பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அக்கோட்டை 100 கிலோமீட்டரில் வைக்கிறது. அமெரிக்க விமானப்படையின் கணக்கு 80 கிலோமீட்டர். எல்லை உண்டு, ஆனால் அது சுவர் அல்ல. ஏவுகலம் இரண்டு களங்களையும் கடந்தாக வேண்டும். பி.எஸ்.எல்.வி. தன் முனையிலுள்ள வெப்பக் கவசத்தை 100 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே உதறுகிறது. அதுவரை காற்றின் உராய்விலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் செயற்கைக்கோளைக் காப்பது அந்தக் கவசமே. திரும்பி வரும் கலம் மீண்டும் காற்றைச் சந்திக்கிறது. எனவேதான் காற்றியக்கவியலும் சுற்றுப்பாதை இயக்கவியலும் ஒரே பட்டப்படிப்பில் இடம்பெறுகின்றன.

இனித் தமிழ்ப் பெயர். ‘வான்வெளிப் பொறியியல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் ‘இந்திய வான்வெளி’ என்றால் ஒரு நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட வான்பரப்பு என்ற பொருள் செய்தித்தமிழில் ஊன்றிவிட்டது. ‘வான்விண்’ என்பது இன்னொரு வாய்ப்பு. அகராதிப்படி வான், விண் இரண்டும் ஒருபொருட் சொற்கள்தாம் எனினும் வான்படை, வான்வழி, வானூர்தி என்று ஒன்று காற்றின் பக்கமும், விண்கலம், விண்வெளி வீரர் என்று மற்றொன்று அப்பாலும் சாய்ந்துவிட்டன. இருப்பினும் ‘வானியல்’ என்ற சொல் கோள்களையும் விண்மீன்களையும் ஆள்வதால் இந்தப் பாகுபாடு முழுமையடையவில்லை.

எனக்குச் சரியாகப் படுவது ‘வளிவிண் பொறியியல்’. ‘வளி’ காற்றுக்குரிய பழஞ்சொல். வளிமண்டலம் என்ற வடிவில் எல்லாருக்கும் தெரிந்தது. இலங்கைப் பாடநூல்களில் இன்றும் ‘வளி’தான் காற்று. புறநானூற்றின் 35-ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் ‘வளி இடை வழங்கா வானம்’ என்கிறார்: காற்று ஊடே இயங்காத வானம். சங்கப் புலவர் வளிமண்டல எல்லையை அளந்திருந்தார் என்று இதைக் கொண்டு வாதிடுவது வீண் பெருமை. வளி வழங்கும் இடம், வழங்காத இடம் என்று வானத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கு தமிழில் உண்டு என்பதற்கு மட்டும் அந்த அடி சான்றாகும். பெயர் வைப்பவருக்கு அவ்வளவு போதும்.

சொல் புதிது என்பதால், முதலில் வருமிடத்தில் ‘ஏரோஸ்பேஸ் எனப்படும் வளிவிண் பொறியியல்’ என்று எழுதிவிட்டுப் பிறகு தனியே ஆளலாம். இதனுள் அடங்கும் இரு கிளைகளில் காற்றில் பறப்பவற்றைப் பற்றியது வானூர்திப் பொறியியல். 1920களின் பிற்பகுதியில் பிரான்சில் ‘அஸ்ட்ரோநாட்டிக்ஸ்’ என்று பெயர் பெற்ற மற்றொன்றுக்கு ‘விண்கலப் பொறியியல்’ என்பது பொருந்தும். ‘விண்வெளிப் பொறியியல்’ என்ற பெயரை வைத்துக்கொள்ள விரும்புவோரும் அதை இந்தக் கிளைக்கே உரியதாக்கலாம்.